பின்னால் நிற்பவள்

"எரியுதாடி?" என்று அக்கா ஒருமுறை அவளைக் கேட்டாள்.

அந்தக் கார் முதன்முதலாக அத்தானின் இந்த மெக்கானிக் ஷெட்டுக்குள் வந்து நின்ற சாயங்காலம் அது. அப்போதே பழைய வண்டிதான். யாரோ ஓட்டி அலுத்துப்போய் விற்றது. ஆட்டோமேட்டிக் என்பதால் கிளட்ச் மிதிக்கும் தொல்லை இல்லை, பயமில்லாமல் பழகிக்கொள்ளலாம் என்று அக்காவுக்காக அத்தான் வாங்கியிருந்தார். அக்கா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தபடி கியர் லீவரை ஒவ்வொரு இடமாக நகர்த்தினாள். வண்டிக்குப் பின்னால் நின்று எந்த விளக்கு எரிகிறது என்று சொல்வது அவள் வேலை. லீவர் ரிவர்ஸுக்கு வந்ததும் இரண்டு மூலையிலும் வெள்ளை விளக்கு எரிந்து அவள் பாவாடை முழுக்க வெளிச்சமானது. அக்கா ஜன்னல் வழியாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, உள்ளே இருந்த கண்ணாடியில் தங்கையின் முகத்தையே பார்த்தாள்.

"எரியுது," என்றாள் அவள்.

"எதுடி எரியுது?"

பக்கத்து இருக்கையில் இருந்த அத்தான் சிரித்தார். "லைட்டத்தான் சொல்றா. வேற என்ன எரியப் போகுது?"

"அது அவளுக்குத் தெரியும். என்ன வாலு, தெரியும்ல?"

வாலு என்று அவளைக் கூப்பிட்டது அக்கா ஒருத்திதான். குறும்பு செய்ததால் வந்த பெயர் இல்லை. அவள் வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம். எங்கே போனாலும் அக்காவின் பின்னாலேயே போவாள், அதனால் வாலு.

அக்காவுக்குத் தெரிந்திருந்தது. அப்பாவின் பழைய வேனுக்கு வயரிங் பார்க்க, அக்காவைக் கட்டுவதற்கு முன்பு, அத்தான் அவர்கள் வீட்டுக்கு வந்து போன நாட்களில், அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டார்ச் பிடித்தவள் அவள்தான். கேட்பதற்கு முன்பே எந்தத் திருப்புளி வேண்டும் என்று தெரிந்து எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான். அக்கா ஒரே ஒரு நாள் டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவ்வளவுதான். டார்ச் பிடித்தவளை யாரும் பார்ப்பதில்லை. டார்ச் வெளிச்சம் யார்மேல் விழுந்ததோ அவளைத்தான் பார்க்கிறார்கள்.

இப்போது அக்கா இல்லை. அக்காவின் வீட்டில், அக்காவின் சமையலறையில் நின்று, அக்காவின் அலமாரியில் தன் துணிகளை அடுக்கிக்கொண்டு அவள் இருக்கிறாள். பெரியவர்கள் கூடிப் பேசி, யாருக்கும் ஆட்சேபம் இல்லை என்று முடிவான கல்யாணம். கூப்பிடும் சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அக்காவின் கணவரும் அத்தான்தான், தன் கணவரும் அத்தான்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவை "அத்தான்" என்று கூப்பிட்டு அவர் திரும்பும்போதும், எந்த அத்தானாகத் திரும்புகிறார் என்று அவள் அவர் முகத்தைத் தேடுவாள். இதுவரை திரும்பியது ஒரே அத்தான்தான். அக்காவுடையவர்.

முதல் தடவை அது நடந்தது ஒரு சாயங்காலம். தெருமுனைத் தொட்டியில் குப்பையைப் போட்டுவிட்டு வந்து, துருப்பிடித்த தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டிக்கொண்டு கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தாள். இருட்டத் தொடங்கியிருந்த நேரம். எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. திடீரென்று கேட்டின் தகரத்தின்மேல் அவளுடைய நிழல் விழுந்தது. தலையில் கலைந்திருந்த மயிர் தனித்தனியாகத் தெரியும் அளவுக்குக் கூர்மையான, கறுப்பான நிழல். அத்தான் வண்டியை எடுக்க வந்துவிட்டார் என்று நினைத்து, வழிவிடத் திரும்பினாள். வெள்ளை வெளிச்சம் நேராக அவள் முகத்தில் விழுந்தது. அவள் மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடும்வரை அங்கேயே நின்றது. பிறகு அணைந்தது.

கார் எப்போதும்போல ஷெட்டுச் சுவரைப் பார்த்தபடி, பின்பக்கத்தை அவளுக்குக் காட்டிக்கொண்டு நின்றிருந்தது. உள்ளே யாரும் இல்லை. ஜன்னல்கள் ஏற்றியிருந்தன. வீட்டுக்குள் குளியலறையில் அத்தான் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. வண்டிச் சாவி, சமையலறை ஆணியில் மாட்டியது மாட்டியபடி தொங்கிக்கொண்டிருந்தது.

"சாவி போடாம ரிவர்ஸ் லைட் எரியாதே," என்றார் அத்தான், தலையைத் துவட்டிக்கொண்டே. "பிரேக் லைட்டா இருக்கும்."

"பிரேக் லைட் சிவப்பு, அத்தான்."

"ஆமால்ல." துவட்டுவதை நிறுத்தினார். "எங்கயாச்சும் ஷார்ட் ஆகுதோ என்னவோ. பழைய வயரு. பாக்கறேன்."

பார்க்கிறேன் என்று சொன்னபோது அந்த முகத்தில் ஒரு ஆவல் வந்தது. போன வாரம் தனக்குக் காய்ச்சல் என்று சொன்னபோது அது வரவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

அந்த வண்டிக்கும் அவளுக்கும் முதலிலிருந்தே ஆகாது. அக்கா குள்ளம் என்பதால் இருக்கையை முன்னால் இழுத்து வைத்திருந்தாள். அத்தான் நெட்டை. இருந்தும் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க இடிக்க அப்படியேதான் ஓட்டினார், ஒரு விரல்கூடப் பின்னால் தள்ளவில்லை. உள்ளே இருந்த கண்ணாடியையும், அக்கா ஓட்டும்போது இருந்த கோணத்திலேயே, அக்காவின் கண் உயரத்துக்கே வைத்திருந்தார். துடைக்கிற சாக்கில் ஒருநாள் அவள் அதைத் திருப்பிவிட்டாள். சாயங்காலமே அது பழைய கோணத்துக்குத் திரும்பியிருந்தது. உள்ளே தைல வாசனை வேறு. கடைசி மாதங்களில் அக்கா நெற்றியில் தேய்த்துக்கொண்டே இருந்த தைலம். அவள் சீட் உறைகளைக் கழற்றித் துவைத்தாள், கதவுகளைத் திறந்துபோட்டு வெயில் காட்டினாள். பகலெல்லாம் அந்த வாசனை பஞ்சுக்குள் போய் ஒளிந்துகொண்டு, பொழுது சாய்ந்ததும் வெளியே வந்து உட்கார்ந்துகொண்டது.

வேலைக்கு வந்த வண்டிகளையெல்லாம் முடித்து அனுப்பிவிட்டு அத்தான் அந்தக் காருக்குள் போய் உட்காருவார். "பேட்டரி இறங்கிடக் கூடாதுல்ல," என்பார். அவள் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டுக் காத்திருப்பாள். சாப்பாடு ஆறும்.

ஒருநாள் யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் அவர் பேசிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகக் கேட்டது. "கியர் லீவர பார்க்லேர்ந்து டிரைவுக்குத் தள்ளணும்னா நடுவுல ரிவர்ஸத் தாண்டித்தான் போகணும். அதான் கிளம்பறப்ப வெள்ளை லைட்டு ஒரு தடவை மின்னுது. முன்னால போற வண்டிதான். ஆனாலும் ஒரு தடவை பின்னால பாத்துட்டுத்தான் போகும்."

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அவள் கை நின்றுபோனது. அவர் வண்டியைப் பற்றித்தான் சொன்னார்.

வண்டியை விற்றுவிடுங்கள் என்று அவரிடம் சொல்லும் துணிச்சல் அவளுக்குக் கிடையாது. ஆனால் பக்கத்துத் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் தன் மகளுக்கு ஒரு பழைய ஆட்டோமேட்டிக் தேடுகிறார் என்று மளிகைக் கடையில் காதில் விழுந்தபோது, "எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு," என்று சொல்லிவிட்டாள். வெளி ஆளிடம் அவள் தானாகப் பேசிய பேச்சுகளில் அதுதான் மிக நீளமானது. சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீடு வந்தாள்.

போஸ்ட்மாஸ்டர் வந்தார். அத்தானால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. வீட்டில் நிற்கும் பழைய வண்டியை விற்க மாட்டேன் என்பதற்கு என்ன காரணம் சொல்வது? போஸ்ட்மாஸ்டர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்தார். அவள் பின்னால் நின்றாள்.

"ரிவர்ஸ் எரியுதாம்மா?"

"எரியுது."

"எதுக்கும் நான் ஒரு கண்ணு பாத்துடறேன்." அவர் இறங்கிப் பின்னால் வர, அத்தான் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்து லீவரைப் பிடித்துக்கொண்டார். அவள் தண்ணீர் கொண்டுவர வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது போஸ்ட்மாஸ்டர் இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றிருந்தார்.

"என்னம்மா எரியுதுன்ன? ரெண்டு கண்ணும் குருடாக் கெடக்கு."

அவள் டம்ளரோடு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். வெள்ளை விளக்கு இரண்டும் பளிச்சென்று எரிந்தன. போஸ்ட்மாஸ்டர் குலுங்கிச் சிரித்தார்.

"ஆளப் பாத்துச் சிரிக்கிற வண்டியா இருக்கே. மாமனாரக் கண்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குது, தங்கச்சி வந்தா பல்லக் காட்டுது."

தங்கச்சி என்று அவர் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னார். அவள் டம்ளரை நீட்ட மறந்து விளக்குகளையே பார்த்தாள்.

"நாளைக்குக் காலைல பொண்ணக் கூட்டிட்டு வர்றேன்," என்றார் போகும்போது. "மத்ததெல்லாம் எனக்குத் திருப்தி. இது ஒண்ணு ஒழுங்கா எரிஞ்சா வண்டி எங்களது. இல்லேன்னா வேற பாத்துக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பின்னால யாரு நிக்கறாங்கன்னு தெரியாம புள்ள வண்டி ஓட்டக் கூடாது பாருங்க."

அத்தான் தலையை மட்டும் ஆட்டினார். அவர் கை காரின் கூரைமேல், தூங்கும் குழந்தையின் முதுகில் இருப்பதுபோல இருந்தது.

நாளைக் காலை. அவள் மனசுக்குள் அதையே சொல்லிக்கொண்டாள். நாளைக் காலையில் இந்த வண்டி கேட்டைத் தாண்டிப் போய்விட்டால் அத்தானுக்குப் போய் உட்கார வேறு இடம் இருக்காது. வீட்டுக்குள்தான் வர வேண்டும். தன் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். அதற்குக் குறுக்கே நிற்பது இரண்டு சின்ன விளக்குகள்.

அன்று சாயங்காலம் தூறல் போட்டது. ஷெட்டின் தகரக் கூரையில் அது ஓயாமல் விரல் தட்டிக்கொண்டிருக்க, நனைந்த மண் வாசனையும் கிரீஸ் வாசனையும் கலந்து மூக்கில் ஏற, கம்பியில் தொங்கிய ஒற்றை பல்பு காற்றில் ஆடி, சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்களின் நிழல்களை நீட்டியும் சுருக்கியும் விளையாடியது. அத்தான் கருவிப் பெட்டியைத் திறந்தார்.

"ஒண்ணொண்ணா மாத்திப் பாக்கணும்," என்றார். "ஒரே நேரத்துல ரெண்ட மாத்துனா எது தப்புன்னு கடைசி வரைக்கும் தெரியாது. நீ உள்ள உக்காரு."

அந்த இருக்கையில் அவள் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்ததும் கால் சரியாகப் பிரேக்கில் போய் நின்றது. முழங்கால் எதிலும் இடிக்கவில்லை. நிமிர்ந்தபோது கண்ணாடி அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. அவளுக்கும் அக்காவுக்கும் ஒரே உயரம். இத்தனை வருஷம் பின்னாலேயே நடந்தவளுக்கு அது தெரியாமல் போயிருந்தது. கண்ணாடியில், பிரேக் விளக்கின் சிவப்பு வெளிச்சத்தில், அத்தான் இடுப்பளவு தெரிந்தார்.

"ரிவர்ஸ் போடு."

போட்டாள்.

"எரியல."

பொய் சொல்கிறார் என்று அவளுக்கு உடனே தோன்றியது. வண்டியை விட மனசில்லாமல் பொய் சொல்கிறார். கண்ணாடியில் உற்றுப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் கேட்டின் தகரம் மங்கிய சிவப்பாகத்தான் இருந்தது. வெள்ளை இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. அது அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. பொய்யாக இருந்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

பல்புகளைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து உள்ளே இழை அறுந்திருக்கிறதா என்று பார்த்தார். அறுந்திருக்கவில்லை. புதிது போட்டார். எரியல. ஃபியூஸை மாற்றினார். எரியல. டெஸ்ட் லேம்பின் முனையை பல்பு உட்காரும் குழிக்குள் வைத்துப் பார்த்தார். கரண்டே வந்து சேரவில்லை. டிக்கி மூடி மடங்கும் இடத்தில் வயர்க்கட்டு மடங்கி மடங்கி உள்ளே அறுந்துபோகும் என்று சொல்லி, துணி டேப்பைப் பிரித்து ஒவ்வொரு வயராக விரலால் நெருடினார். எல்லாம் முழுசாக இருந்தன. எர்த் வயர் உட்காரும் இடத்தைச் சுரண்டி வெள்ளையாக்கினார். எரியல. வண்டியை ஜாக்கில் ஏற்றிக் கீழே படுத்து, லீவர் எந்த இடத்தில் இருக்கிறது என்று விளக்குக்குச் சொல்லும் சுவிட்சை கியர்பாக்ஸின் விலாவிலிருந்து கழற்றினார்.

"இது கெட்டிருந்தா பார்க்ல வண்டி ஸ்டார்ட்டே ஆகக் கூடாது," என்றது கீழேயிருந்து குரல். "ஆனா ஸ்டார்ட் ஆகுது. பாவம், இது மேல தப்பில்ல."

இருந்தும் அதையும் மாற்றினார். வண்டியை இறக்கினார்.

"எரியல."

சலித்துப்போய்க் கையைத் துடைத்தார். "நீ எறங்கிப் பின்னால நில்லு. நான் போட்டுப் பாக்கறேன்."

அவள் இறங்கிப் பின்னால் போனாள். ஈரத் தரையில் செருப்பு வழுக்கியது. காரின் நடுவுக்கு நேராக வந்து நின்றாள். வெள்ளை விளக்கு இரண்டும் எரிந்தன. அவள் கைகள், புடவைத் தலைப்பு, தூறலின் ஒவ்வொரு துளியும் வெள்ளையாக நின்றன.

"எரியுது, அத்தான்." சிரிப்பு வந்தது அவளுக்கு. "சரியாயிடுச்சு."



"நான் இன்னும் போடவே இல்ல," என்றார் அவர்.

இடம் மாறினார்கள். அவர் பின்னால், அவள் உள்ளே. எரியவில்லை. மறுபடி மாறினார்கள். எரிந்தது. அத்தான் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்போதும் எரிந்தது.

"கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிப் போ."

அவள் சுவரோரம் ஒதுங்கினாள். விளக்கு அணைந்தது.

"வா."

வந்தாள். எரிந்தது.

"திரும்பி நில்லு."

அவள் கேட்டைப் பார்த்துத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் தயங்கி, மங்கி, யாரோ காத்திருப்பதுபோல நடுங்கியது. மறுபடி அவள் முகத்தைத் திருப்பியதும் பளிச்சென்று நிமிர்ந்தது.

அத்தான் வயரைப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பல்பை மாற்றியாயிற்று, ஃபியூஸை மாற்றியாயிற்று, சுவிட்சை மாற்றியாயிற்று. இப்போது அவர் அவளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் கண்டுபிடித்துவிட்டார்.

வண்டி பின்னால் போவதற்காக அந்த விளக்கு எரியவில்லை. பின்னால் நிற்பவளின் முகத்தைப் பார்ப்பதற்காக எரிகிறது.

அன்றைக்கும் அவள் இதே இடத்தில்தான் நின்றாள். அக்காவைக் கைத்தாங்கலாக முன்னிருக்கையில் சாய்த்து வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று. அக்கா நடுங்கும் கையை நீட்டிக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அத்தானுக்குப் பின்னால் ஒன்றும் தெரியாததால் தலையை வெளியே நீட்டி "வரலாமா?" என்று கேட்டார். "வரலாம், வரலாம்," என்று கையசைத்துக்கொண்டே அவள் கேட்டைத் திறந்துவிட்டாள். வெள்ளை வெளிச்சம் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. வண்டி தெருவுக்கு வந்து திரும்பியபோது அக்காவின் கண்கள் திறந்தபடி கண்ணாடியிலேயே நின்றுபோயிருந்தன. கடைசியாக அக்கா பார்த்தது அவள் முகத்தைத்தான்.

அழுதுகொண்டிருந்தேன் என்றுதான் அவள் எல்லோரிடமும் சொன்னாள். தன்னிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். அந்த வெளிச்சத்தில் தன் முகம் எப்படி இருந்தது என்று அவளுக்கு உண்மையில் தெரியாது. அக்காவுக்குத் தெரியும்.

"கடைசியா ஒண்ணு பாத்துடலாம்," என்றார் அத்தான்.

பானெட்டைத் திறந்து ஸ்பேனரால் பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றினார். கழற்றியதோடு விடாமல் பேட்டரியையே தூக்கி வெளியே எடுத்து, ஷெட்டின் தரையில் வைத்தார். அது தரையைத் தொட்ட சத்தம் கனமாகக் கேட்டது. பானெட்டை மூடினார்.

"இப்ப எரியவே கூடாது. போய் நில்லு."

அவர் குரலில் நம்பிக்கை இருந்தது. எரியாது என்ற நம்பிக்கை இல்லை அது. அவளுக்கு அந்தக் குரலைத் தெரியும். அக்கா ஊரிலிருந்து வரும் நாட்களில் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு அவர் இப்படித்தான் பேசுவார்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் இப்போது எரியாவிட்டால், இது வெறும் கார். பழைய வயர், பழைய தகரம். இதையெல்லாம் நினைத்தது அவளுடைய பைத்தியக்காரத்தனம். காலையில் போஸ்ட்மாஸ்டர் எடுத்துப் போகாவிட்டால் பழைய இரும்புக்காரன் எடுத்துப் போகட்டும். ஒரே ஒரு தடவை, எரியவில்லை என்று தன் வாயால் சொல்ல வேண்டும்.

போய் நின்றாள்.

இருட்டு. தூறல் நின்றிருந்தது. கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. அத்தான் பானெட்டின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். காருக்குள் யாரும் இல்லை. பின் கண்ணாடி வழியாக இருக்கையின் முதுகு மட்டும் தெரிந்தது. எரியவில்லை.

இன்னும் எரியவில்லை.

"எரியல, அத்தான்," என்றாள். குரல் உடைந்து சிரிப்பாக வந்தது. "பாருங்க. எரியல."

தைல வாசனை வந்தது.

ஓட்டுநர் பக்கத்து ஜன்னலைச் சுற்றி இறக்கும் கைப்பிடி உள்ளே கிரீச்சிட்டது. மெதுவாக. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. கண்ணாடி இறங்கியது.

"எரியுதா, வாலு?"

வெள்ளை.

சிவப்பு இல்லை. வெள்ளை மட்டும். அவள் முகத்தில். கண்ணை மூடினாலும் இமைக்குள்ளே வெள்ளை.

திறந்தாள். இருக்கையின் முதுகுக்கு மேலே தலை எதுவும் இல்லை. குள்ளமானவர்கள் உட்கார்ந்தால் பின்னாலிருந்து தலை தெரியாது. கண்ணாடியில் மட்டும் தெரிந்தது. தைலம் மினுங்கும் நெற்றி. அதன் கீழே இரண்டு கண்கள். அவளையே பார்த்தன. அவள் முகத்தைப் பார்த்தன. அங்கே என்ன இருந்ததோ, அதைப் பார்த்தன.

அவள் அத்தானைத் தேடினாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. ஓட்டுநர் இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டார்ச் பிடித்த நாளிலிருந்து, கல்யாணமான நாளிலிருந்து, ஆறிப்போன சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்த ஒவ்வொரு நாளும் எந்த முகத்துக்காக அவள் காத்திருந்தாளோ, அந்த முகம் அவரிடம் வந்திருந்தது. அவளுக்காக வரவில்லை.

துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். விரல் இடுக்குகளையெல்லாம் நிதானமாகத் துடைத்தார். துணியை ஆணியில் மாட்டினார். சுற்றி நடந்து மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். தூங்குகிறவர்களை எழுப்பாமல் சாத்துவதுபோலக் கதவைச் சாத்திக்கொண்டார்.

லீவர் நகரும் சத்தம் கேட்டது.

என்ஜின் சத்தம் இல்லை. டயர்கள் மட்டும் ஈரத் தரையில் உருண்டன. வண்டி பின்னால் வந்தது. அவளை நோக்கி.

அவள் பின்வாங்கினாள். வண்டி வந்தது. முதுகில் கேட் இடித்தது. வண்டி வந்தது. பின்னால் கையைவிட்டுத் தாழ்ப்பாளைத் தேடினாள். மற்ற நாளெல்லாம் மல்லுக்கட்டும் தாழ்ப்பாள் இன்று வழுக்கிக்கொண்டு திறந்தது. அவள் கைதான் திறந்தது. கேட் விரிந்தது. அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

வண்டி அவளை உரசாமல் கடந்தது. ஜன்னலுக்குள் அத்தானின் முகம், கை எட்டும் தூரத்தில்.

"அத்தான்."

எந்த அத்தானும் திரும்பவில்லை.

தெருவுக்குப் போன வண்டி முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று அவள் காத்திருந்தாள். எந்த வண்டியும் அதைத்தானே செய்யும். திரும்பவில்லை. முகம் அவளைப் பார்த்தபடியே, முன்விளக்குகள் இரண்டும் அணைந்தபடியே, பின்னால், பின்னால், ஈரத் தெருவில் பின்னாலேயே போனது. அதற்குப் பின்னால் தெரு முழுக்க வெள்ளையாக இருந்தது. முன்கண்ணாடிக்குள் அத்தான் ஓட்டுநர் இருக்கையின் பக்கம் லேசாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உள்ளே தொங்கிய சின்னக் கண்ணாடி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெதுவாக அவர் பக்கம் திரும்பியது.

ஷெட்டுக்குள் தரையில் பேட்டரி இருந்தது. ஆணியில் துணி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.